பில்லு போடுத பிள்ளைக்கும் குடோன் அண்ணாச்சிக்கும் ஒரே ட்ரெயினிங்கா? ஆளுக்கேத்த மாதிரி ஆன்லைன்ல போடுதது எப்படி

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில அக்கவுண்ட்ஸ் பாக்குதேன், மொத்தம் 14 பேரு, புதுசா யாரு வந்தாலும் சொல்லிக்குடுக்குதது என் தலையில தான். போன வருசம் பெரிய புத்திசாலி மாதிரி 40 நிமிச வீடியோ ஒண்ணு எடுத்து எல்லாரையும் பாக்கச் சொன்னேன். 22 வருசமா இருக்க குடோன் அண்ணாச்சி வீடியோவ ஓடவிட்டு ஃபோன மேசையில சாத்தி வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டாவ. புதுசா சேந்த பிள்ள முழுசா உக்காந்து பாத்துட்டு "அக்கா, பில்ல கேன்சல் பண்ணுதது எங்க இருக்கு?"ன்னு கேக்கா. அது 31ஆவது நிமிசத்துல கெடக்கு!

அதனால இந்த தடவ மொதல்ல கம்ப்யூட்டரையே தொடல. ஒரு நோட்ட எடுத்துக்கிட்டு பில்லிங் கவுண்டர் பக்கத்துல ஒரு நாள் முழுக்க சும்மா உக்காருங்க, யாரு எங்க முழிக்காங்கன்னு மட்டும் எழுதுங்க. 'ஜிஎஸ்டி'ன்னு தலைப்பு எழுதாதீங்க, 'கேரளா பார்ட்டிக்கு பில்லு போடுதது'ன்னு வேலையா எழுதுங்க. எங்களுக்கு 11 வேல வந்துச்சு. கவுண்டர் ஆளுக்கு எது, குடோனுக்கு எது, டெலிவரி வண்டிக்கு எதுன்னு டிக் போட்டுட்டா பாதி முடிஞ்சுது.

அடுத்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி, இங்க தான் நேரம் எடுத்துக்கிடணும். 'ஈ-வே பில் என்றால் என்ன?'ன்னு கேட்டா மனப்பாடம் பண்ணவன் பாஸாயிருவான் (ஈ-வே பில்லுன்னா சரக்கு வண்டியில போகும்போது ஆன்லைன்ல எடுத்துக்கிட வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு). நான் கேட்டது இது: 70,000 ரூவாய்க்கு பிவிசி பைப் தென்காசிக்கு போகுது, ஈ-வே பில் வேணுமா? அதே லோடு செங்கோட்டை தாண்டி புனலூருக்கு போனா? தமிழ்நாட்டுக்குள்ள 1 லட்சத்த தாண்டினா தான் வேணும், மாநிலம் தாண்டினா 50,000க்கு மேலயே வேணும், அதனால மொதலுக்கு வேண்டாம், ரெண்டாவதுக்கு வேணும். ரெண்டையும் சரியா சொல்லுதவனுக்கு எதுக்கு வீடியோ, விட்டுருங்க. தெரிஞ்சத தாண்டிப் போக விடுதது தான் இதுல மெயின் சங்கதியே.

வீடியோ ஒரு வேலைக்கு ஒண்ணு, மூணு நாலு நிமிசம், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் போதும். பின்னால ஹாரன் சத்தம் கேட்டா கேக்கட்டும்.

இத கோக்க கூகுள் ஃபார்ம்ஸ் போதும், துட்டு கிடையாது. மொத செக்ஷன்ல கேள்வி, ரெண்டாவதுல அதுக்கான வீடியோ, மூணாவதுல அடுத்த கேள்வி, இப்படியே மாத்தி மாத்தி. கேள்விக்கு கீழ வலது பக்கம் மூணு புள்ளி இருக்கும், அத அமுக்கி பதிலப் பொறுத்து செக்ஷன் மாறுத ஆப்ஷன ஆன் பண்ணுங்க, தப்பான பதிலுக்கு ரெண்டாவது செக்ஷன், சரியான பதிலுக்கு மூணாவது. மல்டிபிள் சாய்ஸ், ட்ராப்டவுன் கேள்விக்கு தான் இது வரும். ஒரு செக்ஷனுக்கு ஒரே கேள்வி வைங்க, நான் மூணு கேள்விய ஒண்ணா போட்டு யாரு எங்க போறாங்கன்னே தெரியாம ஒரு ராத்திரி முழுக்க மண்டைய ஒடச்சேன். ஆளு நெறைய இருந்தா மூடுல்ங்கிற (Moodle) ஆன்லைன் பாடம் நடத்துத சாஃப்ட்வேர் பக்கம் போங்க, 2002ல இருந்து இருக்கு, அதுவும் இலவசம் தான், ஆனா சர்வர் பாத்துக்கிட ஒரு ஆளு வேணும்.

எல்லாருக்கும் அனுப்புததுக்கு முன்ன ஒருத்தர பக்கத்துல உக்கார வச்சு செய்யச் சொல்லுங்க, நீங்க வாயத் தொறக்கப்பிடாது. பெறவு மூணு நாள் கழிச்சு ஒரு கேள்வி, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கேள்வி வாட்ஸப்ல தட்டிவிடுங்க, இல்லன்னா மறந்துரும். பலன் இருக்கான்னு பாக்க மார்க்க பாக்காதீங்க, மாசத்துக்கு எத்தன பில்லு கேன்சல் ஆகுதுன்னு பாருங்க.

அண்ணாச்சிகிட்ட ஃபார்ம குடுத்தேன். ஆறு நிமிசத்துல முடிச்சிட்டாவ, ஒண்ணு தான் தப்பு: ஈ-வே பில்லு எத்தன கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும்னு கேட்டதுக்கு 100ன்னு போட்டுட்டாவ. 2021ல இருந்து அது 200. "எப்பம்ளா மாத்துனாம்?"னு கேட்டுட்டு, அந்த ஒரு வீடியோவ மட்டும் ரெண்டு தடவ பாத்தாவ.