தொட்டியில் வளராமல் ஒதுங்கி நிற்கும் மீன்கள்

யாழ்ப்பாணத்தில் சீமெந்துத் தொட்டிகளில் திலாப்பியாவோ கடனீரேரிக் கூடுகளில் கொடுவாவோ வளர்ப்பவர்கள், இரைக்கு வராமல், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நீர்மட்டத்துக்கு அருகே அசையாமல் மிதக்கும் சிறிய மீன்களை நோயுற்றவை என்று உடனே முடிவுகட்டி மருந்து இட வேண்டாம். இவ்வாறு வளர்ச்சி குன்றிய நோர்வே வளர்ப்புச் சால்மன் மீன்களின் மூளையில் செரோடோனின் என்னும் வேதிப்பொருளின் செயற்பாடும், இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்னும் மனவழுத்தச் சுரப்பும் இயல்பைவிட உயர்ந்திருந்ததை 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. குறுகிய நேர மனவழுத்தத்தைச் சமாளிக்க உதவும் இவ்விரண்டும் ஓய்வின்றி உயர்ந்தே இருந்தால், மீனின் பசி மங்கும், நோயெதிர்ப்பும் தளரும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, மீன்களைப் பருமன் வாரியாகப் பிரித்து, பெரியவை சிறியவற்றைத் துரத்திக் கடிக்காதபடி வேறாக விடுவதே. கொடுவாவில் இது இன்னும் அவசியம், ஏனெனில் அது தன் இனத்துச் சிறிய மீனையே விழுங்கிவிடும். பிரிக்கும் வேலையை உச்சி வெயிலில் செய்யாமல், வெயில் ஏறுமுன், ஈரமான மென்வலையால் விரைவாக முடியுங்கள். நீரில் ஒட்சிசன் மிகக் குறைவது விடியற்காலையில் என்பதால், காற்றூட்டியை இரவில் நிறுத்துவது மிகத் தவறான சிக்கனம். மீனின் உடல் வளரத் தேவையான திரிப்தோபன் என்னும் அமினோ அமிலம் மீன்தூளிலும் சோயாவிலும் உண்டு. தவிட்டை மட்டும் போட்டு வளர்ப்பது மீனுக்குப் போதாது.