இசை ஆசிரியர் பியானோ டியூனர் ஆவது: ஐம்பதுக்கு மேல் தொழிலும் ஊரும் மாறுகிறவர்களுக்கு

இருபது, முப்பது வருடம் இசை சொல்லிக்கொடுத்தவர் ஐம்பதைத் தாண்டியபின் வேறு வேலைக்குப் போக நினைத்தால், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழில் அவருக்கு எட்டக்கூடியதே. காது பழகியிருக்கிறது, பொறுமை இருக்கிறது, வீடுகளுக்குள் போய்ப் பேசிப் பழக்கம் இருக்கிறது. ஆனால் தொழிலையும் ஊரையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். இருக்கிற ஊரிலேயே கற்று, காசு வாங்கி வேலை பார்த்து, அதன் பிறகு மூட்டை கட்டுங்கள். புதிதாகக் கற்றவர் சேர்த்த சுருதி சில வாரத்திலேயே இறங்கும். மறுபடி போய்ச் சரிசெய்ய வேண்டும். தெரிந்த வீட்டில் அதற்கு இடம் உண்டு. யாரையும் தெரியாத ஊரில் முதல் வேலை இறங்கிப்போனால் அடுத்த அழைப்பு வராது.

வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் ஒதுக்க முடிகிறவர் கற்றலுக்கு மட்டும் ஒன்றரை வருடம் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைத்துத் திட்டம் போட வேண்டாம்.

முதலில் காதுப் பரிசோதனை

ஒரு பயிற்சிக் கருவி வாங்கும் முன் ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள். வயதோடு முதலில் குறைவது உச்ச அதிர்வெண்கள். பியானோவின் கடைசிக் கட்டை 4186 ஹெர்ட்ஸ். ஆனால் சுருதி அமைப்பின் அஸ்திவாரம் நடுப்பகுதியில் இருக்கிறது. நடுப்பகுதிக் கட்டைகளான எஃப்3, ஏ3 (எழுத்து ஸ்வரத்தின் பெயர், எண் எத்தனையாவது ஸ்தாயி என்பது) இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது நாம் கேட்க வேண்டியது 880 ஹெர்ட்ஸ் பக்கத்தில்: ஒரு கம்பி ஒலிக்கும்போது அதன் அதிர்வெண்ணின் மடங்குகளும் மேல்சுரங்களாகக் கூடவே ஒலிக்கும்; எஃப்3-இன் ஐந்தாவது மேல்சுரம் (ஐந்து மடங்கு) 873, ஏ3-இன் நான்காவது 880. ஆகவே 4000-க்கு மேல் சற்றுக் குறைவு இருந்தாலும் தொழில் செய்யலாம். கடைசி ஸ்தாயியை மட்டும் டியூனிங் செயலியின் துணையோடு முடிக்கலாம். 500 முதல் 2000 வரையில் தெளிவான குறைவு இருந்தால் இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இருக்கிற காதையும் காப்பாற்ற வேண்டும். கம்பி நிலைப்பதற்காக ஒவ்வொரு கட்டையையும் ஓங்கி அடிக்கிறோம், அதுவும் மணிக்கணக்கில். இசைக்கலைஞர்களுக்கென வரும், ஒலியைச் சீராகக் குறைக்கும் காதடைப்பான் முதல் நாளிலிருந்தே வேண்டும். பஞ்சு வைத்தால் உச்ச ஒலிதான் அதிகம் மங்கும், கேட்க வேண்டியது கேட்காது.

விம்மலைக் கேட்கப் பழகுதல்

இசை ஆசிரியர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இத்தனை வருடமும் நீங்கள் கேட்டது ஸ்வரத்தை: மேலா கீழா, சேர்கிறதா சேரவில்லையா. டியூனர் கேட்பது விம்மலை. 440-ம் 441-ம் சேர்ந்து ஒலித்தால் ஒலி நொடிக்கு ஒருமுறை பெருகிச் சுருங்கும். ஒரே கட்டைக்குரிய மூன்று கம்பிகளில் அந்த விம்மல் முழுதாக அடங்கும்வரை சேர்க்க வேண்டும். மற்ற இடைவெளிகளில் விம்மல் வேண்டிய வேகத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலித்த உடனே ஸ்வரத்தின் பெயரைச் சொல்லிவிடும் காது இருந்தாலும் இங்கே பெரிய உதவியில்லை.

தம்பூராவோடு வாழ்ந்த காதுக்கு இன்னொரு சிக்கல். தம்பூராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் 5:4 விகிதம். பியானோவின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் கூடுதல் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கை தானாக அதை இறக்கப் பார்க்கும். இறக்கினால் அந்த இடம் இனிக்கும், ஆனால் 5:4 காந்தாரங்கள் மூன்றை அடுக்கினால் ஸ்தாயி நிறைய 41 சென்ட் குறையும். அந்தக் குறை வேறொரு ஸ்கேலில் அபஸ்வரமாக வந்து நிற்கும். எஃப்3–ஏ3 நொடிக்கு ஏறத்தாழ 6.9 விம்மல், ஏ3–சி ஷார்ப்4 8.7, அதற்கு அடுத்த சி ஷார்ப்4–எஃப்4 11. இந்த மூன்று வேகமும் மெட்ரோனோம் இல்லாமல் காதில் நிற்கும்வரை மற்றதைத் தொடாதீர்கள்.

கற்கும் வரிசை: முதல் இரண்டு மாதம் யூனிசன் மட்டும், அதாவது ஒரே கட்டையின் கம்பிகளை ஒன்றாகச் சேர்ப்பது. நடுப்பகுதியில் ஒரு கட்டையின் மூன்றாவது கம்பியை ரப்பர் ஆப்பால் அடைத்துவிட்டு, மற்ற இரண்டில் ஒன்றைக் கலைத்துச் சேர்ப்பது, மறுபடி கலைத்துச் சேர்ப்பது. பிறகு ஸ்தாயிகள். அதன் பிறகே நடு ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களை அமைப்பது. எஃகுக் கம்பியின் விறைப்பால் அதன் மேல்சுரங்கள் கணக்கில் வரவேண்டியதைவிடச் சற்று உயர்ந்தே ஒலிக்கும். அதனால் மேல் ஸ்தாயிகளைக் கொஞ்சம் ஏற்றியும் கீழ் ஸ்தாயிகளைக் கொஞ்சம் இறக்கியும் வைக்கிறோம். 1938-இல் ரெயில்ஸ்பேக் என்ற ஆய்வாளர் அளந்து காட்டிய வளைவு இதுதான். செயலி இதைக் கணக்கிட்டுத் தரும். ஆனால் யூனிசனை மட்டும் காதாலேயே முடியுங்கள்.

கை வேலை

பயிற்சிக்குப் பழைய பியானோ வாங்கும்போது எல்லோரும் ஆகக் குறைந்த விலையில் எதையாவது எடுத்துவிடுகிறார்கள். கம்பியை இறுக்கும் ஆணியான டியூனிங் பின் தளர்ந்த பியானோவில் எதையும் கற்க முடியாது. எப்படித் திருப்பினாலும் நழுவும், தவறு கையிலா மரத்திலா என்று தெரியாது. பின் இறுக்கமாக, சுருதி கால் ஸ்வரத்துக்கு மேல் இறங்காததாகப் பாருங்கள். கருவிகள் அதிகம் வேண்டாம்: பின்னைத் திருப்ப நல்ல டியூனிங் லீவர், ஆறேழு ரப்பர் ஆப்பு, ஒரு நீள ஃபெல்ட் பட்டை, 440 இசைக்கவை, அப்ரைட் (கம்பிகள் செங்குத்தாக நிற்கும்) பியானோவுக்கான இடுக்கி வடிவ அடைப்பான், தலையில் மாட்டும் விளக்கு. லீவரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முனை பின்னில் ஆடினால் சுருதி நிற்காது.

பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள்; மொத்த இழுவிசை பதினைந்திலிருந்து இருபது டன். பின்னைத் திருப்பும்போது அதன் தலை முறுக்கிக்கொண்டு முன்னே போகும், மரத்துக்குள் இருக்கும் அடிப்பகுதி பின்தங்கும். காதுக்குச் சரியாக வந்துவிட்டது என்று கையை எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து கம்பி இறங்கும். அதனால் வேண்டிய சுருதிக்கு ஒரு மயிரிழை மேலே ஏற்றி, கட்டையை மூன்று நான்கு முறை ஓங்கி அடித்து, லீவரை மெல்ல அழுத்தி இறக்கி நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு அடி. அசையாவிட்டால் முடிந்தது. அப்ரைட்டில் லீவரின் பிடி கடிகாரத்தில் பன்னிரண்டு மணி முள்போல மேல்நோக்கி இருக்கட்டும். பக்கவாட்டில் பிடித்தால் பின் திரும்பாமல் வளையும். அரை நாள் பக்கவாட்டில் இழுத்தால் ஐம்பது வயதுத் தோள் அடுத்த நாள் சொல்லும்.

துருப்பிடித்த கம்பியை நேரே ஏற்றாதீர்கள், அறுந்துபோகும். முதலில் ஒரு துளி இறக்கி, துரு விடுவித்துக்கொண்டபின் ஏற்றுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பல வருடம் தொடாத பியானோ 20 சென்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் ஒரே சுற்றில் முடியாது. அடுத்தடுத்த கம்பிகளை ஏற்ற ஏற்ற ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட்போர்டு அழுந்தி, முன்பே சேர்த்தவை இறங்கிக்கொண்டே வரும். இறங்கியிருக்கும் அளவில் கால் பங்கு கூடுதலாக வைத்து முதல் சுற்றை வேகமாக முடித்துவிட்டு, இரண்டாம் சுற்றில் நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். இதற்கு இரட்டிப்பு நேரம் என்று வேலை தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள்.

ஒட்டிக்கொள்ளும் கட்டை, சுத்தியல் திரும்பி வராதது, பெடல் கிரீச்சிடுவது போன்ற சின்னப் பழுதுகளையும் கற்றுக்கொள்ளுங்கள். டியூனிங்குக்குக் கூப்பிடுகிறவர்களில் பலர் உண்மையில் இவற்றுக்காகத்தான் கூப்பிடுகிறார்கள்.

மாணவர்களையும் வருமானத்தையும் என்ன செய்வது

ஒரு பியானோவுக்கு வருடத்தில் ஒன்று அல்லது இரண்டு முறைதான் வேலை. வாரத்துக்கு எட்டு வேலை, வருடத்துக்கு நாற்பத்தைந்து வாரம் என்றால் 360 வேலை. வருடத்துக்கு இரண்டு முறை கூப்பிடுகிறவர்கள் மட்டும் என்றால் 180 பியானோ, ஒரு முறை என்றால் 360. இந்த எண்ணிக்கை சேர இரண்டு, மூன்று வருடம் ஆகும். ஆகவே கற்பித்தலை ஒரே நாளில் விடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு மாணவர்களை இணைய வழியில் தொடருங்கள். பெரியவர்களும் உயர்நிலை மாணவர்களும் இதற்கு ஒத்துவருவார்கள், கை வைப்பு இன்னும் படியாத சிறு பிள்ளைகள் வர மாட்டார்கள். அந்தச் சிறு பிள்ளைகளை நேரில் வேறொரு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுவதே அவர்களுக்கு நல்லது. மூன்று மாதம் முன்பே சொல்லி, தேர்வுக்கு நடுவில் விடாமல், புது ஆசிரியரோடு ஒரு வகுப்பில் நீங்களும் உட்காருங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் கேட்கும் முன் திருப்பிக் கொடுங்கள்.

குடும்பச் செலவுக்கு ஒரு வருடப் பணம் கையில் இருக்கட்டும். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு இரண்டிலும் வேலையை விட்டபின் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டே ராஜினாமா கொடுங்கள்.

எந்த ஊர், எப்படிப் போவது

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பியானோக்களை எண்ணுங்கள்: ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எத்தனை இசைப்பள்ளி, தேவாலயம், அரங்கம். அடுத்து, அங்கே ஏற்கெனவே தொழில் செய்கிறவரிடம் நேரடியாகப் பேசுங்கள். அவருடைய அடுத்த காலி நாள் மூன்று வாரத்துக்கு அப்பால் என்றால் இன்னொருவருக்கு இடம் உண்டு. மறைத்து வந்து இறங்குவதைவிட, வருகிறேன் என்று சொல்லி வருகிறவரிடம்தான் மூத்தவர்கள் மிச்ச வேலையைத் தள்ளிவிடுவார்கள். அவர் விலையைவிடக் குறைத்துத் தொடங்காதீர்கள். பிறகு ஏற்றவே முடியாது.

சொந்தக் கருவிகளை மூடிய வண்டியின் வெயிலில் விடாதீர்கள். வீணையில் மெட்டுகள் மெழுகில் நிற்கின்றன. சூட்டில் மெழுகு இளகினால் மெட்டு நகரும், மெட்டுகளைத் திரும்பப் பொருத்தி மேளம் கட்ட ஆள் தேட வேண்டியிருக்கும். வயலினில் கம்பிகளை அரை ஸ்வரம், ஒரு ஸ்வரம் தளர்த்தினால் போதும். முழுதும் அவிழ்த்தால் குதிரையும் உள்ளே நிற்கும் சிறு தூணும் விழும். பழைய பியானோவின் கட்டைகள் தந்தமானால் நாட்டு எல்லை தாண்டும் முன் அனுமதி விவரம் கேளுங்கள், இல்லையென்றால் சுங்கத்தில் நிற்கும். பியானோ புது வீட்டுக்கு வந்தபின் இரண்டு, மூன்று வாரம் சுருதியைத் தொடாதீர்கள். மரம் அங்கத்திய ஈரப்பதத்துக்கு ஒத்துப்போக வேண்டும். 40 முதல் 50 சதவீதத்தில் நிலையாக இருந்தால் நல்லது.

புது ஊரின் ஈரப்பதம் உங்கள் வேலையையே மாற்றும். ஈரம் கூடும் பருவத்தில் சவுண்ட்போர்டு உப்பி நடுப்பகுதிச் சுருதி ஏறும், வறண்டால் இறங்கும். அதனால் ஒவ்வொரு பியானோவுக்கும் ஒரு அட்டை வையுங்கள்: தேதி, அறையின் ஈரப்பதம், நீங்கள் போனபோது ஏ4 எத்தனை ஹெர்ட்ஸில் இருந்தது, எந்தக் கம்பி சந்தேகம். இரண்டாம் முறை போகும்போது, இறங்கியது பருவத்தாலா உங்கள் கையாலா என்பது அந்த அட்டையில் தெரியும். அடுத்தடுத்த கட்டைகள் ஒன்றுபோல நகர்ந்திருந்தால் பெரும்பாலும் பருவம். அங்கங்கே யூனிசன் மட்டும் பிரிந்திருந்தால் பெரும்பாலும் டியூனிங் பின் நிற்கவில்லை. அந்த வேலைக்குக் காசு வாங்காமல் திரும்பச் சேர்த்துக் கொடுங்கள்.