எந்த உடன்படிக்கையில் சொன்னது? வேதம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதத்தை ஒழுங்காகப் படித்து வளர வேண்டும் என்ற ஆசையோடு வருகிற புது விசுவாசிகளோடு உட்கார்ந்து படிப்பது என் வழக்கம். அவர்களுடைய ஆசை உண்மையானது, உழைப்பும் இருக்கிறது. ஆனாலும் ஏறக்குறைய எல்லோரும் அதே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். நாங்கள் எல்லோரும் விழுந்து எழுந்த இடங்கள்தான். அப்போது எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால் இப்போது எழுதி வைக்கிறேன்.

ஜெபிக்காமல் இருப்பது, வேதத்தைத் திறக்காமலே வாரங்களை ஓட்டுவது, சபைப் பக்கமே போகாதது, இவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருத்தாகப் படிக்கிறவர்களே செய்கிற தவறுகள் மட்டும் இங்கே. அவற்றில் பல, தேவன் மனுஷரோடு வெவ்வேறு காலத்தில் செய்த உடன்படிக்கைகளை ஒன்றோடொன்று குழப்புவதால் வருகிறவை.

வருஷக் கணக்கை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது

எபிரெயர் 5:12 இந்த நினைப்பை நேராகவே தட்டிக் கேட்கிறது. காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டிய உங்களுக்கு இன்னும் பால் அல்லவா கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அந்த நிருபத்தின் ஆசிரியர் ஆதங்கப்படுகிறார். பலமான ஆகாரம் யாருக்கு என்பதை 14ஆம் வசனத்தில் சொல்கிறார்: நன்மை தீமையைப் பகுத்தறியப் பழகினவர்களுக்கு.

இதோடு பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் தொடர்ந்து படியுங்கள். பலமான ஆகாரம் என்று அவர் எதைப் பரிமாறுகிறார்? 7ஆம் அதிகாரத்தில் மெல்கிசேதேக்கின் (ஆபிரகாமை ஆசீர்வதித்த ராஜாவும் ஆசாரியனுமானவர்) முறைமையின்படியான ஆசாரியத்துவம், 8ஆம் அதிகாரத்தில் புதிய உடன்படிக்கை. உடன்படிக்கைகளைப் பற்றிய போதனை வேதாகமக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் உரியது, சாதாரண விசுவாசிக்குத் தேவையில்லை என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

வரங்களை முதிர்ச்சி என்று எடுத்துக்கொள்வது

கொரிந்து சபைக்கு ஒரு வரத்திலும் குறைவில்லை (1 கொரிந்தியர் 1:7). அதே சபையைத்தான் பவுல் 3:1இல் குழந்தைகள் என்கிறார். பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும் அவர் காட்டுகிற காரணம்.

உபாகமம் 28ஐப் பாதியாக வெட்டி எடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இது. மற்றவை வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். இது ஆளையே உடைத்துப் போடும்.

உபாகமம் 28இல் 68 வசனங்கள். முதல் 14 ஆசீர்வாதம். மீதி 54 வசனங்களும் சாபம். “கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்” என்பது 13ஆம் வசனத்தில் வருகிறது. அந்த ஒரே வசனத்துக்குள்ளேயே, இன்று நான் விதிக்கிற கட்டளைகளைக் கைக்கொண்டு அவற்றின்படி நடந்தால் என்ற நிபந்தனையும் இருக்கிறது. நிபந்தனையைத் தள்ளி, பின்னால் வருகிற 54 வசனங்களையும் தள்ளி, நடுவில் இருக்கிற இனிப்பான துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு “இது என் வாக்குத்தத்தம்” என்கிறோம்.

யார், யாரிடம், எங்கே பேசினார் என்று முதலில் கேளுங்கள். யோர்தானைக் கடக்கப் போகிற இஸ்ரவேல் ஜனத்தோடு, மோவாப் தேசத்தில், மோசே பேசுகிறார். கடந்துபோனதும் ஆறு கோத்திரம் கெரிசீம் மலையிலும் ஆறு கோத்திரம் ஏபால் மலையிலும் நிற்க வேண்டும் என்று முந்தின அதிகாரத்தில் ஏற்பாடு செய்கிறார். ஆசீர்வாதங்கள் என்னென்ன? அந்தத் தேசத்துக்கு ஏற்ற காலத்தில் மழை, ஆடுமாடுகளின் பெருக்கம், கூடை, மாப்பிசைகிற தொட்டி, ஒரு வழியாய் வந்து ஏழு வழியாய் ஓடுகிற சத்துருக்கள். சாபங்கள்? 36ஆம் வசனத்தில் ராஜாவோடுகூட அந்நிய ஜாதியிடம் கொண்டுபோகப்படுவது, 52இல் பட்டணங்கள் முற்றுகையிடப்படுவது, 64இல் பூமியெங்கும் சிதறடிக்கப்படுவது. ஒரு தேசத்தோடு செய்த உடன்படிக்கை இப்படித்தான் பேசும். அந்தக் காலத்துப் பேரரசர்கள் தங்களுக்குக் கீழ்ப்பட்ட அரசர்களோடு செய்த ஒப்பந்தங்கள் ஏத்தியர்களுடையதும் அசீரியர்களுடையதும் கிடைத்திருக்கின்றன. அவற்றிலும் மீறினால் வரும் சாபங்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். இஸ்ரவேலின் விஷயத்தில் அந்தச் சாபங்கள் சரித்திரத்திலேயே நடந்து முடிந்தன. கி.மு. 722இல் சமாரியா அசீரியரிடம் விழுந்தது. கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமையும் ஆலயத்தையும் எரித்தார்கள்.

சரி, நல்ல பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார்கள். முதல் 14 வசனங்கள் எனக்குத்தான் என்று சொல்கிறவர், பின்னால் வரும் 54ஐ எந்த நியாயத்தில் மறுப்பார்? நோய் வரும்போதும் வேலை போகும்போதும் அதே அதிகாரம் அவருக்கு எதிராகத் திரும்பும். அவர் திருப்பாவிட்டால் வேறு யாராவது திருப்புவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரிக்கு இரண்டாம் முறையும் கர்ப்பம் கலைந்துபோனது. ஆறுதல் சொல்ல வந்த ஒரு ஊழியர், “உன் கர்ப்பத்தின் கனியும் சபிக்கப்பட்டிருக்கும்” என்று பொருள்படும் 18ஆம் வசனத்தை வாசித்து, குடும்பத்தில் ஏதோ சாபம் இருக்கிறது, கண்டுபிடித்து அறிக்கையிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் நான் பார்க்கப் போனபோது ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். கோடு போட்ட நோட்டு. இடப்பக்கம் அவருடைய குடும்பம், வலப்பக்கம் கணவருடைய குடும்பம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பாவம். “பெரிய தாத்தா – குடி.” “அத்தை – பொய்ச் சத்தியம்?” விவரம் தெரியாதவர்களுக்கு வெறும் கேள்விக்குறி. கடைசி வரியில் தன் பெயரை எழுதி, எதிரே இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

“இங்க என்ன எழுதுறதுன்னு தெரியலண்ணா” என்றார்.

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. குழந்தையை இழந்தவளுக்கு அழக்கூட நேரம் கொடுக்காமல் புலன்விசாரணை வேலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்கு இருவருமாக எரேமியா 31ஐத் திறந்தோம். புதிய உடன்படிக்கையின் வாக்குத்தத்தம் 31ஆம் வசனத்தில் தொடங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வசனம் முன்னால் போனால், பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று இனிச் சொல்லமாட்டார்கள் என்றிருக்கிறது. புதிய உடன்படிக்கையை அறிவிப்பதற்கு முன்பாகவே, தாத்தாவின் பாவத்தைப் பேரப்பிள்ளையின் தலையில் எழுதும் அந்தப் பழமொழிக்கு எரேமியா முடிவு கட்டுகிறார். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுவதும் இதே பழமொழியை எடுத்துத்தான் மறுக்கிறது. மூன்றாம் நான்காம் தலைமுறை பற்றி யாத்திராகமம் 20:5 சொல்கிறதே என்றார் அவர். அந்த வசனத்தை முழுதாக வாசிக்கச் சொன்னேன். “என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து” என்ற இடத்தில் தானாகவே நிறுத்தினார். அவர் கர்த்தரைப் பகைக்கிறவர் இல்லை. அது அவருக்கே தெரியும்.

பிறகு கலாத்தியர் 3:13. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார். உபாகமத்தில் எழுதப்பட்ட சாபங்களைப் பற்றித்தான் பவுல் அங்கே பேசுகிறார். 10ஆம் வசனத்தில் உபாகமம் 27:26ஐயும், 13ஆம் வசனத்தில் உபாகமம் 21:23ஐயும் எடுத்துக் காட்டுகிறார். அந்தச் சாபம் சிலுவையில் ஒருவர் மேல் விழுந்து தீர்ந்தது. அதைத் திரும்ப எடுத்து ஒரு விசுவாசியின் மேல் வைக்க எந்த ஊழியருக்கும் உரிமை இல்லை.

“அப்படின்னா எனக்கு ஏன் இப்படி நடந்துச்சு?” என்று கேட்டார். காரணம் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். யோபுவுக்கும் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. பிறவிக்குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார். துரோப்பீமுவை வியாதியாய் மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அவன் குடும்பத்தில் என்ன சாபம் என்று அவர் தேடவில்லை.

இந்தத் தவறின் மறுபக்கம் சத்தமில்லாதது. யாரும் அழுவதில்லை, ஆனால் வளர்ச்சி நின்றுபோகிறது. உபவாசம் இருந்தேன், காணிக்கை கொடுத்தேன், அதிகாலையில் எழுந்தேன், இன்னும் ஏன் கிடைக்கவில்லை என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டது நடந்தால் துதி, நடக்காவிட்டால் மனத்தாங்கல். கலாத்தியர் 4இல் பவுல் சொல்கிற சுதந்தரவாளி இப்படித்தான் இருக்கிறான். எல்லாவற்றுக்கும் எஜமானாயிருந்தும், சிறுபிள்ளையாய் இருக்கிற காலமெல்லாம் அடிமையிலும் விசேஷித்தவன் இல்லை. பிதாவை அப்பா என்று கூப்பிடப் பிறந்தவர் கூலியாளைப் போல வாசலில் நின்று கணக்குப் பார்க்கிறார்.

இன்னொன்று. கலாத்தியர் 3:14இல் வருகிற “ஆபிரகாமுக்கு உண்டான ஆசீர்வாதம்” என்பதை எடுத்து அதற்குள் உபாகமம் 28இன் செல்வத்தை நிரப்பிப் பிரசங்கிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசீர்வாதம் என்னவென்று பவுலே சொல்கிறார்: 8ஆம் வசனத்தில் புறஜாதிகள் விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்படுவது, 14இல் வாக்குத்தத்தம்பண்ணப்பட்ட ஆவியைப் பெறுவது. இதைவிடப் பெரியது வேறென்ன வேண்டும்?

அப்படியானால் உபாகமம் 28ஐ மூடி வைத்துவிட வேண்டுமா? வேண்டாம். 68 வசனங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். தேவன் தம்முடைய உடன்படிக்கையை எவ்வளவு கருத்தாய் எடுத்துக்கொள்கிறார் என்பது அங்கே தெரியும். நிறுத்தாமல் 30:6 வரை போங்கள். சிதறடிக்கப்பட்ட ஜனத்தின் இருதயத்தைத் தாமே விருத்தசேதனம் பண்ணுவேன் என்ற வாக்கு அங்கே இருக்கிறது. சாபங்களின் பட்டியல் எழுதின அதே புத்தகம், மனுஷனால் முடியாததைத் தேவன் செய்வார் என்றும் சொல்கிறது.

ஆபிரகாமையும் சீனாயையும் ஒன்றாகக் குழைப்பது

ஆதியாகமம் 15ஐ மெதுவாகப் படியுங்கள். மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. மிருகங்களை நடுவாகத் துண்டித்து எதிரெதிராக வைத்தார் ஆபிராம். பிணங்களின் மேல் இறங்கிய பறவைகளைத் துரத்திக்கொண்டிருந்தார். சூரியன் அஸ்தமிக்கும்போது அவருக்கு அயர்ந்த நித்திரை வந்தது. இருட்டானபோது புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோயின. துண்டங்களின் நடுவே நடப்பவர், நான் மீறினால் எனக்கும் இதே கதி என்று ஒப்புக்கொள்கிறார். எரேமியா 34:18ஐப் பார்த்தால் இது புரியும். ஆபிராம் நடக்கவில்லை. தேவன் மட்டும் கடந்துபோனார்.

இப்போது யாத்திராகமம் 24, சீனாய் மலையடிவாரம். கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம் என்று ஜனங்கள் வாய்திறந்து ஒப்புக்கொள்கிறார்கள், மோசே இரத்தத்தை அவர்கள் மேல் தெளிக்கிறார். 32ஆம் அதிகாரத்திலேயே பொன் கன்றுக்குட்டியைச் செய்து அதை மீறுகிறார்கள்.

இரண்டும் ஒரே தேவன் செய்த உடன்படிக்கைகள், ஆனால் ஒரே வகை இல்லை. 430 வருஷத்துக்குப் பின்பு வந்த நியாயப்பிரமாணம் முந்தின வாக்குத்தத்தத்தைத் தள்ளிப்போடாது என்கிறார் பவுல் (கலாத்தியர் 3:17).

சீனாயில் கிருபையே இல்லை என்பது

யாத்திராகமத்தில், எகிப்திலிருந்து மீட்கப்பட்ட பஸ்கா 12ஆம் அதிகாரம். கட்டளைகள் 20ஆம் அதிகாரம். முதலில் மீட்டார், பிறகுதான் கட்டளையிட்டார்.

புதியது வந்ததும் முந்தினதெல்லாம் போயிற்று என்பது

நோவாவோடு செய்த உடன்படிக்கை மாம்சமான சகல ஜீவன்களோடும் செய்யப்பட்டது, அது நிற்கிறது. தாவீதின் சிங்காசனத்தைப் பற்றிய வாக்கு லூக்கா 1:32இல் மரியாளிடம் சொல்லப்படுகிறது. பழமையாயிற்று என்று எபிரெயர் 8:13 சொல்வது எதை? எகிப்திலிருந்து கைப்பிடித்து அழைத்துவந்த நாளில் பண்ணின உடன்படிக்கையை என்று, அந்த அதிகாரம் மேற்கோள் காட்டுகிற எரேமியா 31:32 குறித்தே சொல்கிறது. எது மாறியது, எது மாறவில்லை என்று தனித்தனியே பார்க்கப் பொறுமை வேண்டும்.

கிருபை இருக்கிறதே என்று சாய்ந்துகொள்வது

புதிய உடன்படிக்கையில் பிரமாணம் இருதயத்தில் எழுதப்படுகிறது. அழிக்கப்படவில்லை.

இறையியல் கட்சிகளின் பெயரை முதலில் கற்றுக்கொள்வது

உடன்படிக்கைகளை இரண்டு வெவ்வேறு விதமாக இணைத்துப் படிக்கிற உடன்படிக்கை இறையியல், டிஸ்பென்சேஷனலிசம் என்ற பெயர்களைக் கேள்விப்பட்ட ஒரு மாதத்தில் அதற்காகச் சண்டை போடுகிற வாலிபர்களைப் பார்த்திருக்கிறேன். கலாத்தியர் 3ஐ முழுதாகப் படித்தீர்களா என்று கேட்டால் தயங்குகிறார்கள். இரண்டு பக்கத்திலும் தேவபக்தியுள்ள அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதம் உங்களுக்குப் புரியவே முதலில் வசனம் வேண்டும்.

தனியாக வளரப் பார்ப்பது

முடியாது. எபேசியர் 4:13 “நாம் எல்லாரும்” என்றுதான் சொல்கிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு

ஆதியாகமம் 9, 15, 17. யாத்திராகமம் 19 முதல் 24 வரை. உபாகமம் 27 முதல் 30 வரை. 2 சாமுவேல் 7, கூடவே சங்கீதம் 89. எரேமியா 31. லூக்கா 22. கலாத்தியர் 3, 4. எபிரெயர் 8 முதல் 10 வரை. இந்த வரிசையில், அவசரப்படாமல், ஒவ்வொன்றிலும் யாரோடு, என்ன வாக்கு, நிபந்தனை உண்டா, அடையாளம் என்ன என்று குறித்துக்கொண்டே போங்கள். எரேமியா 31க்கு வரும்போது 31ஆம் வசனத்திலிருந்து தொடங்க வேண்டாம், 29ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.