ஹாலோவீன் காலை டிபன்: பேய் இட்லி, சிலந்தி வலை தோசை, நிறம் மாறுற மந்திரத் தண்ணி

அமெரிக்கால பிள்ளைங்கள வளர்க்கிறவங்களுக்குத் தெரியும், அக்டோபர் 31, ஹாலோவீன் அன்னைக்கு சாயங்காலத்துக்கு மேல அதுங்க வயித்துக்குள்ள உருப்படியா எதுவும் போகாது. இருட்ட ஆரம்பிச்சதும் வேஷத்த மாட்டிக்கிட்டு பக்கெட்ட தூக்கிட்டு வீடு வீடா சாக்லேட் கேக்க கிளம்பிடுவாங்க, திரும்பி வரும்போது பாதி சாக்லேட் வழியிலயே காலி, அப்புறம் எங்க சாதம் எங்க ரசம். அதனால அன்னைக்கு ஒழுங்கா சாப்பிட வெக்க நமக்கு மிச்சம் இருக்கறது காலை வேளைதான். 2026-ல ஹாலோவீன் சனிக்கிழமை வேற வருது, ஸ்கூல் பஸ்ஸ பிடிக்கற ஓட்டம் இல்ல, ஆற அமர பண்ணலாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். வீடியோல காட்டற மாதிரி பச்சை பான்கேக், கருப்பு பன், நீல க்ரீம்னு புதுசு புதுசா பண்ணி வெச்சா பிள்ளைங்க போட்டோவுக்கு சிரிச்சுட்டு தட்ட தள்ளிடும். ருசி தினம் சாப்பிடற ருசியாவே இருக்கட்டும், மூஞ்சி மட்டும் மாறட்டும். இட்லி மாவு, சப்பாத்தி மாவு, ரெண்டு சட்னி, இதுக்கு மேல பெருசா எதுவும் வேண்டாம். ஒரு பொருளுக்கு ரெண்டு கண்ணு வெச்சாலே பிள்ளைங்க கண்ணுக்கு அது பேய்தான், மத்த அலங்காரமெல்லாம் நம்ம ஆசைக்கு.

வேலைல முக்கால்வாசி முதல் நாள் ராத்திரியே முடிச்சுடணும். மாவு புளிச்சு ரெடியா இருக்கணும், சட்னி அரைச்சு ஃப்ரிட்ஜ்ல இருக்கணும், கண்ணுக்கு வேண்டிய கருப்பு திராட்சையும் ஆலிவும் நறுக்கி ஒரு சின்ன டப்பால இருக்கணும். கெட்சப் ஊத்தற மாதிரி மூக்கு வெச்ச பிளாஸ்டிக் பாட்டில் ரெண்டு வேணும், டாலர் கடைலயே கிடைக்கும். அது இல்லாட்டி ஜிப்லாக் கவர்ல மாவ ஊத்தி ஓரத்துல துளியூண்டு வெட்டிக்கலாம், ஆனா அடுப்பு சூட்டுல அத பிடிச்சுட்டு வரையறது கொஞ்சம் கஷ்டம், பாட்டில்தான் நல்லது.

பேய் இட்லிலேருந்து ஆரம்பிக்கலாம். இட்லித் தட்டுல ஊத்தின இட்லி தட்டையா படுத்துக்கும், பேய்னா நிக்கணும். அதுக்கு சின்ன எவர்சில்வர் டம்ளர்தான் சரி. உள்ள நல்லெண்ணெய் நல்லா தடவிட்டு முக்கால் டம்ளர் மாவு ஊத்துங்க, முழுசா ஊத்தினா பொங்கி வழியும். பதினஞ்சு நிமிஷத்துலேருந்து பதினெட்டு நிமிஷம் வரைக்கும் ஆவில வேகணும், சாதா இட்லிய விட கூட நேரம் எடுக்கும், நடுவுல ஒரு குச்சிய விட்டு ஒட்டாம வருதான்னு பாத்துட்டு இறக்குங்க. அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு, தண்ணில நனைச்ச கத்திய ஓரமா ஒரு சுத்து விட்டு, தட்டுல கவுத்துங்க. டம்ளர் அடி குறுகலா வாய் அகலமா இருக்கறதால கவுத்தினதும் தலை சின்னதா, கீழ விரிஞ்சு, வெள்ளைத் துணி போத்தின பேய் மாதிரியே நிக்கும். ரொம்ப சூடா இருக்கும்போது கண்ணு வெக்க போனா இட்லி உதிரும், கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் ஒரு குச்சியோட பின்பக்கத்தால ரெண்டு குழி பண்ணி திராட்சைய அழுத்தி வையுங்க. வாய்க்கு ஒரு ஸ்ட்ராவ குத்தி திருகி எடுத்தா உருண்டையா ஒரு துண்டு வெளிய வந்துடும், ‘ஓ’ன்னு கத்தற வாய் ரெடி. சில பேர் கண்ணுக்கு மிளகு வெப்பாங்க, வேண்டாம், கடிச்சுட்டு அழப்போறது நம்ம வீட்டு குட்டிதான்.

2024-ல ஊர்ல தீபாவளியும் இங்க ஹாலோவீனும் ஒரே தேதில வந்துச்சு. எண்ணெய் தேச்சு குளிச்சு புதுத்துணி போட்டுட்டு பேய் இட்லி சாப்பிட்ட வீடுகள்ல எங்க வீடும் ஒண்ணு. எங்க அத்தை வீடியோ கால்ல, “ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா இட்லிக்கு கண்ணு வெச்சுட்டு இருக்கியே”ன்னாங்க. பையன் அந்த இட்லிய போன்கிட்ட கொண்டு போய் “பாட்டி, இது உங்களுக்கு”ன்னு நீட்டினான், அவ்ளோதான், “மூக்கு எங்கடா கண்ணா”ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

பேய சுத்தி ஊத்தறதுக்கு ரத்தச் சட்னி. பாதி பீட்ரூட்ட துருவிக்குங்க, வெங்காயம் ஒண்ணு, தக்காளி ரெண்டு, காஞ்ச மிளகாய் பிள்ளைங்க தாங்கற அளவுக்கு, துளி புளி. வெங்காயம் தக்காளி எல்லாம் வதங்கினப்புறம் கடைசியா பீட்ரூட்ட போட்டு பச்சை வாசனை போற வரைக்கும் வதக்கினா போதும், ரொம்ப நேரம் அடுப்புல வெச்சா சிவப்பு மங்கி பழுப்படிக்கும். தேங்காய் மட்டும் சேர்க்காதீங்க, ரத்தம் ரோஸ் மில்க் கலருக்கு போயிடும். நைசா அரைச்சு, தாளிக்காம, ஸ்பூனால இட்லி தலையிலேருந்து வழிய விடுங்க. பீட்ரூட் நிறைய சாப்பிட்ட சில பேருக்கு மறுநாள் ஒண்ணுக்கு ரோஸா போகும், அதப் பாத்து பயந்து டாக்டருக்கு போன் போட வேண்டாம்.

அடுத்தது சிலந்தி வலை தோசை. இதுதான் மேஜைல முதல்ல காலியாகும், ஏன்னா மொறுமொறுன்னு இருக்கும். பாட்டில்ல ஊத்தற மாவு சாதா தோசை மாவ விட கொஞ்சம் தண்ணியா இருக்கணும், ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ வடிகட்டிடுங்க, ஒரு உளுந்துத் தோல் மூக்குல அடைச்சாலும் பாதி வலைல நின்னுடும். கல் மிதமான சூட்டுல இருக்கணும், நல்லா காஞ்ச கல்லுல மெல்லிசா ஊத்தினா மாவு ஒட்டாம முத்து முத்தா உருண்டு ஓடும். முதல்ல நடுவுலேருந்து வெளிய ஏழெட்டு கோடு, அப்புறம் அதுங்கள இணைக்கற மாதிரி உள்ளேருந்து வெளிய வளையம் வளையமா. வளையத்த உருண்டையா போடாம ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல லேசா உள்பக்கம் குழிவா இழுத்தா அசல் வலை மாதிரியே வரும். சுத்தி எண்ணெய் விட்டு, ஓரம் தானா எழும்பற வரைக்கும் தொடாதீங்க. திருப்பிப் போட வேண்டியதில்ல.

சிலந்திக்கு கருப்பு மாவு வேணும். கருப்பு கவுனி அரிசி கிடைச்சா ரொம்ப நல்லது, கவுனி ஒரு கப், இட்லி அரிசி ஒரு கப், உளுந்து அரை கப், கொஞ்சம் வெந்தயம். கவுனிய மட்டும் தனியா ராத்திரி முழுக்க ஊறப்போடணும், தவிடு எடுக்காத அரிசி, சீக்கிரம் ஊறாது. மாவு ஊதா கலந்த சாம்பலா இருக்கும், கல்லுல பட்டதும் இருட்டா மாறிடும். இவ்ளோ மெனக்கெட முடியலன்னா ஒரு கரண்டி இட்லி மாவுல ராகி மாவ கலந்துக்குங்க, பழுப்பு சிலந்தி, அதுக்கும் கடிக்கிற பல் இருக்கு. சின்னதா ஒரு பொட்டு தலை, பெருசா ஒரு பொட்டு உடம்பு, பக்கத்துக்கு நாலு கால். கால் எட்டு இருக்கான்னு எண்ற பிள்ளை எல்லா வீட்டுலயும் ஒண்ணு இருக்கும், பாத்து போடுங்க. கடைல கரி பொடி போட்டு கருப்பாக்கின சாமான்லாம் விக்கறாங்க, அத நான் வாங்கறதில்ல, அந்தக் கரி வயித்துல மருந்தையும் சேத்து உறிஞ்சிடும், தினம் மாத்திரை சாப்பிடற தாத்தா பாட்டி இருக்கற வீட்டுக்கு அது ஆகாது.

பான்கேக்தான் வேணும்னு அடம் பிடிச்சா அதே பாட்டில் வித்தைதான். கண்ணு, வாய், ஓரக்கோடு முதல்ல வரைஞ்சு அரை நிமிஷம் விட்டு சிவக்க விடுங்க, அப்புறம் மேல மாவ ஊத்தி மூடுங்க. முதல்ல விழுந்த மாவு கூட நேரம் வெந்திருக்கறதால திருப்பிப் போட்டதும் கோடெல்லாம் கருத்து பளிச்சுன்னு தெரியும். பேரு எழுதறதா இருந்தா கண்ணாடில தெரியற மாதிரி இடம் வலமா திருப்பி எழுதணும்.

இப்போ பூசணி. ஹாலோவீன்ல காயக் குடைஞ்சு முகம் வெட்டி உள்ள விளக்கு வெக்கற பழக்கம் அயர்லாந்துலேருந்து வந்தது, அங்க டர்னிப் கிழங்க குடைஞ்சுதான் விளக்கு வெச்சாங்க, அமெரிக்கா வந்தப்புறம்தான் பெருசா, குடையறதுக்கும் சுலபமா பூசணி கைக்கு கிடைச்சுது. வாசல்ல வெக்கற அந்தப் பெரிய பூசணி சமையலுக்கு சுமார்தான், தண்ணியும் நாருமா இருக்கும். டிபனுக்கு சின்னதா இருக்கற சுகர் பம்ப்கின் வாங்குங்க, இல்ல டின் வாங்கிடுங்க, ஆனா லேபிள பாத்து வாங்கணும், பம்ப்கின் பை மிக்ஸ்னு போட்டிருந்தா அதுல சர்க்கரையும் பட்டையும் கலந்திருக்கும், சப்பாத்திக்கு ஆகாது. ரெண்டு கப் கோதுமை மாவுக்கு அரை கப் பூசணி விழுது, உப்பு, துளி மஞ்சள்தூள், தண்ணி தேவைப்பட்டா மட்டும் தெளிச்சு பிசைங்க. ரெண்டு சப்பாத்தி சுட்டுக்குங்க, ஒண்ணுல முக்கோணக் கண்ணு, கோணல் பல்லு எல்லாம் சின்ன கத்தியால வெட்டி எடுங்க. முழு சப்பாத்தி கீழ, மேல மஞ்சள் சீஸ் ஒரு ஸ்லைஸ், அதுக்கு மேல முகம் வெட்டின சப்பாத்தி, கல்லுல வெச்சு மூடி சிம்ல ஒரு நிமிஷம். சீஸ் உருகி ஓட்டை வழியா மஞ்சளா மின்னும், உள்ள விளக்கு ஏத்தி வெச்ச மாதிரி. எனக்கு இந்த மெனுலயே பிடிச்சது இதுதான், உள்ள ரெண்டு ஸ்பூன் உருளைக்கிழங்கு மசாலா வெச்சா பெரியவங்களுக்கும் வயிறு நிறையும்.

ஓவன் சும்மாதான் இருக்குன்னா பன்னீர் மம்மி, எகிப்துல துணி சுத்தி வெச்ச பிணம் மாதிரி. பன்னீர விரல் நீளத்துக்கு வெட்டி மிளகாய்த்தூள், உப்பு தடவிக்குங்க. ஃப்ரோசன் பஃப் பேஸ்ட்ரிய, அதான் பஃப்ஸ் பண்ற மாவு ஷீட்ட, முந்தின ராத்திரியே ஃப்ரீசர்லேருந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்திட்டா காலைல பதமா இருக்கும், அத மெல்லிசா ரிப்பன் மாதிரி வெட்டி கோணல் மாணலா சுத்துங்க, நேர்த்தியா சுத்தினா மம்மி மாதிரி இருக்காது. கண்ணுக்கு மட்டும் இடம் விடணும். 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல பதினஞ்சு டு பதினெட்டு நிமிஷம், பொன்னிறமானதும் எடுத்து கண்ணு வையுங்க.

குடிக்க மந்திரத் தண்ணி. காஞ்ச சங்குப்பூ ஒரு கப்புக்கு எட்டு பத்து போட்டு வெந்நீர் ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல கருநீலமா இறங்கிடும். வடிகட்டி சர்க்கரை போட்டு ஆறவிட்டு ஆளுக்கு ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊத்துங்க, பக்கத்துல எலுமிச்சைத் துண்டு. பிழிய வேண்டியது பிள்ளைங்க. அந்த நீலச்சத்து புளிப்பு பட்டதும் ஊதாவா மாறிடும், சொட்டு சொட்டா விட்டா டம்ளர்க்குள்ள புகை மாதிரி நிறம் இறங்கறது தெரியும். புகை வேணும்னு டிரை ஐஸ மட்டும் டம்ளர்ல போடாதீங்க, அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸ், ஒரு துண்டு வாய்க்குள்ள போனா வெந்துடும்.

டின் லிச்சிக்குள்ள ப்ளூபெரி வெச்சா அசல் கண்ணு முழி மாதிரி இருக்கும், பெரிய பிள்ளைங்களுக்கு குடுங்க. நாலு வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு முழு லிச்சி, முழு திராட்சை, முழு ஆலிவ் எதுவும் கூடாது, தொண்டைல அடைச்சுக்கும், நீளவாக்குல நாலா நறுக்கித்தான் வெக்கணும். நிஜமாவே பயப்படற குட்டி இருந்தா அது தட்டுல இருக்கற பேய்க்கு சிரிச்ச வாய் வெச்சுடுங்க, இன்னும் நல்லது கண்ணு டப்பாவ அது கைலயே குடுத்துடறது, தானே கண்ணு வெச்ச பேய்க்கு எந்தக் குழந்தையும் பயப்படாது.

காலைல வரிசை இதுதான்: முதல்ல ஓவன், அது சூடாகறதுக்குள்ள டம்ளர்ங்கள இட்லிப் பானைல வெச்சுடுங்க, இட்லி வேகற நேரத்துல சப்பாத்தி. வலை தோசை மட்டும் எல்லாரும் உக்காந்தப்புறம், ரெண்டு நிமிஷம் நின்னாலே தொஞ்சு போயிடும். எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணனும்னு இல்ல, ஒரு இட்லி, ஒரு தோசை, அந்தத் தண்ணி, இதுவே தாராளம்.

பூசணி குடைஞ்ச விதைய தூக்கிப் போடாதீங்க. நார் போக அலசி, துணில ஈரம் ஒத்தி எடுத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசறி 325 டிகிரி ஃபாரன்ஹீட்ல இருபது இருபத்தஞ்சு நிமிஷம், நடுவுல ஒரு தடவ கிளறி விடுங்க. சாயங்காலம் வாசல்ல சாக்லேட் கிண்ணத்தோட உக்காந்திருக்கற பெரியவங்களுக்கு கொறிக்க ஆச்சு.