பிரிட்டிஷ் பிரபுப் பட்டத்தின் வரலாற்றைப் படிப்பது எப்படி? மார்ல்பரோ டியூக்கை வைத்து ஒரு செய்முறை

பிரிட்டிஷ் பிரபுக்களின் வம்சாவளியைப் பார்த்தால் புதியவர்களுக்குத் தலை சுற்றும். ஒரே ஆளுக்கு நாலு பெயர், ஒரே பட்டத்துக்கு இரண்டு ‘முதலாமவர்’. வரிசையாகப் போனால் பிடிபட்டுவிடும்.

படி 1: பட்டத்தையும் குடும்பப் பெயரையும் தனித்தனியே எழுதுங்கள்

பட்டம் மார்ல்பரோ டியூக் (பிரபுப் பட்டங்களிலேயே உயர்ந்தது டியூக்). குடும்பம் முதலில் சர்ச்சில், பிறகு ஸ்பென்சர், 1817 முதல் ஸ்பென்சர்-சர்ச்சில். மார்ல்பரோ வில்ட்ஷயரில் உள்ள ஊர். குடும்பத்தின் பிளெனிம் அரண்மனை இருப்பதோ ஆக்ஸ்போர்டுஷயரில்.

படி 2: எப்போது கொடுத்தார்கள்?

படைத்தளபதி ஜான் சர்ச்சில் 1689-இல் மார்ல்பரோ ஏர்ல் (டியூக்குக்குக் கீழான பட்டம்) ஆனார். 1702-இல் ஆன் அரசி அவரை டியூக் ஆக்கினார். 1704 பிளெனிம் போர் வெற்றிக்குத்தான் டியூக் பட்டம் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள்; அந்த வெற்றிக்குக் கிடைத்தது உட்ஸ்டாக் நிலமும் அரண்மனையும். 1626-இல் ஜேம்ஸ் லே என்பவருக்கும் மார்ல்பரோ ஏர்ல் பட்டம் கொடுத்திருந்தார்கள். 1679-இல் வாரிசின்றி அற்றுப்போனது. அற்றுப்போன பட்டத்தை மறுபடி கொடுத்தால் எண்ணிக்கை ஒன்றிலிருந்தே தொடங்கும்.

படி 3: யாருக்குப் போகும் என்று பாருங்கள்

நேரத்தை இங்கே செலவழியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் விளங்கும். பெரும்பாலான பட்டங்கள் ஆண்வழியில் மட்டுமே போகும். ஜானுக்கு மிஞ்சியிருந்த ஒரே மகன் 1703-இல் பெரியம்மையில் இறந்தார். பட்டம் அற்றுப்போகாமலிருக்க, மகள்கள் வழியாகவும் போகலாம் என்று நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது. 1722-இல் ஜான் இறந்ததும் மூத்த மகள் ஹென்ரியெட்டா சொந்த உரிமையில் டச்சஸ் ஆனார். டியூக்கின் மனைவியாக இருந்து வரும் டச்சஸ் வேறு, இது வேறு.

ஹென்ரியெட்டாவின் மகன் 1731-இலேயே இறந்துவிட்டார். மகள்கள் இருந்தும், அந்தச் சட்டத்தில் ஜானின் மகள்களுக்கும் அவர்களுடைய மகன்களுக்குமே முன்னுரிமை என்பதால், 1733-இல் ஹென்ரியெட்டா இறந்ததும் பட்டம் தங்கை ஆனின் மகன் சார்ல்ஸ் ஸ்பென்சருக்குப் போனது. ஆக, மூன்றாம் டியூக் முதல் டியூக்கின் மகள் வயிற்றுப் பேரன். சார்ல்ஸின் தம்பி ஜானுக்கு ஆல்தார்ப் எஸ்டேட் போனது. இளவரசி டயானா அந்தக் கிளையில் வந்தவர்.

படி 4: இளைய மகன்களை விட்டுவிடாதீர்கள்

ஏழாம் டியூக்கின் இளைய மகன் ராண்டால்ஃப். பெயருக்கு முன்னால் வரும் ‘லார்டு’ வெறும் மரியாதைக்கு. அவர் உட்கார்ந்தது மக்களவையில். அவர் மகன் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு அந்த லார்டும் கிடையாது. ஆனால் 1895-இல் ராண்டால்ஃப் இறந்ததிலிருந்து, 1897-இல் ஒன்பதாம் டியூக்குக்கு மகன் பிறக்கும்வரை, அடுத்த வாரிசு வின்ஸ்டன்தான். அந்த டியூக் அவருக்குப் பெரியப்பா மகன்.

படி 5: சரிபாருங்கள்

பட்ட அறிவிப்புகள் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் வரும். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். வம்சாவளிக்கு பர்க்ஸ் பியரேஜ், டெப்ரெட்ஸ் ஆகிய பிரபுக் குடும்பக் கையேடுகள். பழைய பர்க்ஸ் பதிப்புகளில் பூர்வீகக் கதைகளைக் குடும்பத்தார் சொன்னபடியே போட்டிருப்பார்கள், எச்சரிக்கை.

பயிற்சிக்கு வெலிங்டன் டியூக்கை எடுங்கள். ஆறாம் டியூக் 1943-இல் இத்தாலியில் போரில் இறந்தபோது பிரிட்டிஷ் பட்டம் சித்தப்பாவுக்கும், ஸ்பெயின் கொடுத்த பட்டம் அக்காவுக்கும் போனது. ஏன் என்று மூன்றாம் படியை வைத்துக் கண்டுபிடியுங்கள்.