ஏற்காடு மலை ஊருக்கு துணி பேடு கொண்டு போறீங்களா, முதல்ல துணி காயப்போடற கொடியப் பாருங்க

சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏரி கிட்ட போய் இறங்கினதும் மலை முடிஞ்சிருச்சுன்னு நினைச்சுக்காதீங்க, நம்ம வேலையே அதுக்கு அப்புறம் தான். மாரமங்கலம், வெள்ளக்கடை, நாகலூர், செம்மநத்தம், தலைச்சோலைன்னு ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் சின்னச் சின்ன ஊருங்க காப்பித் தோட்டத்துக்கு நடுவுல சிதறிக் கிடக்குது, பஸ் நிக்கிற எடத்துல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் வர்ற பொண்ணுங்க நிறைய பேர். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி வீட்டுப் புள்ளைங்க (கேரளாக்காரங்க இல்லைங்க, மலையில வாழறவங்கன்னு அர்த்தம், பேசறது தமிழ் தான்). அவங்களுக்கு மாசவிலக்கு நாள்ல கட்டிக்கிட்டு, துவைச்சு திரும்ப கட்டிக்கிற துணி பேடு கொண்டு போய் குடுக்கணும்னு சேலத்துல, ஈரோட்டுல இருந்து அடிக்கடி யாராவது என்கிட்ட கேக்கறாங்க, அதனால எனக்குத் தெரிஞ்சத ஒரே எடத்துல எழுதி வச்சிடறேன்.

மொதல்ல ஒரு கணக்கு. அரசாங்கத்தோட புதுயுகம் திட்டத்துல 10 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் கிராமத்துப் பொண்ணுங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 3 பாக்கெட், ஒரு பாக்கெட்ல 6 நாப்கின், ஆக வருஷத்துக்கு 108. அது நல்ல திட்டம், நிக்கவே கூடாது. ஆனா மாசத்துக்கு 9 தான் வருது, நாலஞ்சு நாளைக்கு ஒழுங்கா நாலு மணி நேரம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தினா 15 கிட்ட வேணும், மீதிக்கு பழைய துணி இல்லன்னா ஒரே நாப்கின நாள் பூரா வச்சிருக்கறது. அந்த எடத்துல தான் துணி பேடு உதவும். அதனால போய் நின்னுக்கிட்டு அரசாங்க நாப்கின் வேணாம் இது தான் நல்லதுன்னு சொல்லாதீங்க, பள்ளிக்கூடத்துக்கு அது, வீட்டுல இருக்கறப்ப இதுன்னு அவங்களே பிரிச்சு வச்சுக்குவாங்க. இன்னொன்னு, மலை ஊருங்கள்ல குப்பை வண்டி எல்லா எடத்துக்கும் வராது, போட்ட நாப்கின தோட்டத்துல குழி வெட்டி பொதைக்கறதோ எரிக்கறதோ தான் நடக்குது, அந்தச் சங்கடமும் துணியில குறையும்.

இப்ப கொடி விஷயம். நான் முதல் தடவ போனப்ப ஆளுக்கு அஞ்சு பேடு, நல்லா தடியா தைச்சது, கொண்டு போனேன், நல்ல துணி, நல்ல தையல். போனது அக்டோபர் கடைசி. மூணு வாரம் கழிச்சு போய் கேட்டா ஒரு பொண்ணு மெதுவா சொல்லுச்சு, "அக்கா, காயவே மாட்டேங்குது, நாலு நாளானாலும் ஈரம்". ஐப்பசி கார்த்திகையில மேல மழையும் பனிமூட்டமும், வெயில் வர்றதே மத்தியானம் ஒரு மணி நேரம், அதுலயும் துணிய வெளிய போட வெக்கப்பட்டு பாவாடைக்கு அடியில மறைச்சு காயப்போட்டிருக்குதுங்க. ஈரத்தோட கட்டிக்கிட்டு அரிப்பு வந்து அப்புறம் பையோட தூக்கி பரண்ல வச்சிருச்சுங்க. தப்பு அந்தப் புள்ளைங்க மேல இல்ல, நான் மலைய பாக்காம கீழ சேலத்து வெயில நினைச்சு தைச்சு கொண்டு போனது தான் தப்பு.

அதுக்கு அப்புறம் கத்துக்கிட்டது இது. மலைக்கு தடி பேடு வேணாம். அடியில கசியாத பி.யு.எல் துணி (ஒரு பக்கம் பாலியூரித்தேன் படலம் ஒட்டின துணி) வச்ச ஒரு மெல்லிசான தாங்கி, அதுல பட்டன் போட்டா ஜட்டியோட நிக்கும், அதுக்கு மேல மடிச்சு வைக்கிற தனி காட்டன் துணி, இந்த ரெண்டு துண்டு மாடல் எடுங்க. மேல் துணிய விரிச்சா ஒத்தை மடிப்பு கைக்குட்டை மாதிரி ஆயிரும், சட்டுன்னு காயும், கொடியில தொங்கறப்ப யாருக்கும் என்னன்னும் தெரியாது. இருட்டுக் கலர்ல பூப்போட்டது தான் புள்ளைங்க விரும்பி எடுக்குதுங்க, மெரூன், நேவி ப்ளூ மாதிரி. எண்ணிக்கையும் ஏத்துங்க, கீழ நாட்டுக்கு அஞ்சு போதும்னா மலைக்கு எட்டு மேல் துணியாச்சும் வேணும், தாங்கி மூணு, ராத்திரிக்கு நீளமா ஒண்ணு. அப்ப தான் ரெண்டு நாள் காயலன்னாலும் கைவசம் இருக்கும்.

காயப்போட எடம் எங்க இருக்குன்னு போறதுக்கு முன்னாடியே கேளுங்க. வீட்டு முன்னாடி கொடி இருக்கா, பின்னாடி வெயில் படுமா, அம்மா என்ன சொல்லுவாங்க, வீட்டுக்கு தூரம்னு தனியா உக்கார வைக்கிற வீடா இருந்தா அந்தப் புள்ளைக்கு தண்ணி எங்க கிடைக்கும். மழை நாள்ல அடுப்பு இருக்கற ரூம்ல கொஞ்சம் தள்ளி கயிறு கட்டி போடலாம், ரொம்ப பக்கத்துல போட்டா பி.யு.எல் துணி சூட்டுல கெட்டுப்போகும், அதனால தாங்கிய தள்ளியும் மேல் துணிய கிட்டயும் போடச் சொல்லுங்க. ஈரம் இருந்தா கட்டக்கூடாது, மடிச்சு பெட்டியில வைக்கவும் கூடாது, இத மட்டும் மூணு தடவ சொல்லுங்க.

துவைக்கறது சொல்லித் தர்றப்ப வாயால சொல்றது பத்தாது, ஒரு பக்கெட் வச்சு செஞ்சு காட்டணும். பச்சைத் தண்ணியில கால் மணி நேரம் ஊற வைக்கணும், சுடுதண்ணி ஊத்தினா கறை பிடிச்சுக்கும். அப்புறம் சாதா துணி சோப்பு போட்டு கசக்கி, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசி, பிழிஞ்சு வெயில்ல போடணும். வாசனைக்கு ஊத்தற கம்ஃபோர்ட் மாதிரி எதுவும் வேணாம், துணி உறிஞ்சறத நிறுத்திரும், ப்ளீச்சும் வேணாம். பள்ளிக்கூடத்துல மாத்தினா கறை உள்ள போற மாதிரி மடிச்சு பட்டன் போட்டு தண்ணி கசியாத சின்ன பையில வச்சு வீட்டுக்கு கொண்டு போகணும், அன்னைக்கு சாயங்காலமே ஊற வச்சிரணும். மாசி பங்குனியில மேல தண்ணி கஷ்டம், ஊத்துல இருந்து குடத்துல சுமந்து வர்ற ஊருங்களும் உண்டு, அப்ப முதல் அலசின தண்ணிய வாழை மரத்துக்கு ஊத்திட்டு கடைசி அலசுக்கு மட்டும் நல்ல தண்ணி எடுக்கச் சொல்லுங்க.

ஜட்டி இல்லாம பேடு குடுத்து பிரயோஜனம் இல்ல. இத யாரும் யோசிக்கறதே இல்ல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. ஒண்ணு ரெண்டு ஜட்டிய வச்சுக்கிட்டு எலாஸ்டிக் போனதோட ஓட்டற புள்ளைங்க இருக்குதுங்க, அதுல பட்டன் பேடு எப்படி நிக்கும்? திருப்பூர்ல மொத்தமா வாங்கினா விலை குறையும், ஆளுக்கு மூணு வைங்க. சைஸ் கேக்கறப்ப வகுப்புல கைதூக்கச் சொல்லாதீங்க, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு குடுத்து எழுதி மடிச்சு டீச்சர் கிட்ட போடச் சொல்லுங்க. ஒரு பை மொத்தமா அரை கிலோ கிட்ட வரும், 60 பொண்ணுங்கன்னா 30 கிலோ, பஸ்ல ரெண்டு பேரு ரெண்டு மூட்டையா கொண்டு போயிரலாம், வண்டி வாடகை மிச்சம். துணிப் பையிலயே கட்டுங்க, ஒருதடவ பயன்படுத்தி தூக்கிப் போடற பிளாஸ்டிக் 2019 ஜனவரியில இருந்து தமிழ்நாட்டுல தடை, அதோட பிளாஸ்டிக் கவர் மலையில கிடந்து சீரழியும்.

தைக்கறதுக்கு ஆர்டர் குடுக்கறப்ப முடிஞ்சா பக்கத்துலயே இருக்கற மகளிர் சுய உதவிக்குழுவுல தையல் தெரிஞ்சவங்கள கேளுங்க. ஆரோவில்ல ஈக்கோ ஃபெம்னு ஒரு அமைப்பு 2010ல இருந்து துணி பேடு செய்யறாங்க, அவங்க பேட வாங்கிப் பிரிச்சுப் பாத்தா எத்தன மடிப்பு, எந்தத் துணின்னு புரியும்.

அனுமதி இல்லாம பள்ளிக்கூடத்துக்குள்ள போகாதீங்க. சாதா அரசுப் பள்ளின்னா முதன்மைக் கல்வி அலுவலருக்கு கடிதம், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளின்னா பழங்குடியினர் நல திட்ட அலுவலருக்கு கடிதம், ரெண்டுலயும் தலைமை ஆசிரியர் கிட்ட முன்னாடியே பேசி வைங்க. யார் யார் வர்றீங்கன்னு பேரு எழுதிக் குடுங்க, பொண்ணுங்க கிட்ட பேசறது பொம்பளைங்களா இருக்கட்டும், கூட ஒரு டீச்சரும் இருக்கட்டும். மூணு வாரமாவது முன்னாடி ஆரம்பிங்க. ஒரு எடத்துல எங்க கடிதம் ரெண்டு மாசம் மேசையிலயே கிடந்துச்சு, கடைசியில நேர்ல போய் நின்னு ஒரு பேட மேசை மேல விரிச்சு காட்டினதுக்கு அப்புறம் தான் கையெழுத்து ஆச்சு.

வயசுக்கு வந்த புள்ளைங்களுக்கு மட்டும்னு பிரிக்காதீங்க. ஏழாவதுல இருந்து அந்த வகுப்புல இருக்கற எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஒரே மாதிரி பை குடுத்தா யாரு வந்துட்டாங்க யாரு வரலங்கறது வெளிய தெரியாது, வராத புள்ளைக்கும் அந்த நாள் வர்றப்ப பயம் இருக்காது. போட்டோ எடுக்காதீங்க. பைய நீட்டிக்கிட்டு வரிசையா நிக்க வச்சு எடுக்கற போட்டோ தான் ஸ்பான்சர் கேப்பாங்க, பேக் பண்ணின மூட்டைய போட்டோ எடுத்து அனுப்புங்க, அது போதும். பசங்களையும் தனியா உக்கார வச்சு அரை மணி நேரம் பேசுங்க, வகுப்புல பாவாடையில கறை பட்டா சிரிக்கக்கூடாதுன்னு மட்டும் இல்ல, அது ஏன் வருதுன்னும்.

அம்மாங்கள பாக்கணும், இது கட்டாயம். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் காப்பிப் பழம் பறிக்கற நேரம், காலையில போனா வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க, சாயங்காலம் இல்லன்னா ஞாயித்துக்கிழமை போங்க. ஒரு வீட்டுல பொண்ணுக்கு குடுத்தத அம்மாவும் அக்காவும் சேத்து பயன்படுத்தினாங்க, அவங்களுக்கு மட்டும் தேவை இல்லையா என்ன? ஆனா பேட பகிர்ந்துக்கறது நல்லதில்ல, அதனால வீட்டுல எத்தன பொம்பளைங்கன்னு முன்னாடியே கேட்டு பத்துக்கு மூணு செட்டாவது கூடுதலா கொண்டு போங்க. படிப்ப நிறுத்தின பொண்ணுங்கள கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடி டீச்சரும் தான் உங்களுக்கு காட்டுவாங்க, பள்ளிக்கூடத்தோட நின்னுடாதீங்க.

மாசவிலக்கு கப் பத்தி கேப்பாங்க. சிலிகான் கப் நல்ல பொருள், 8ல இருந்து 12 மணி நேரம் வைக்கலாம், பல வருஷம் வரும். ஆனா உள்ள வைக்கறதுங்கறதால வீட்டுல கலந்து பேசாம பள்ளிப் புள்ளைங்க கையில குடுக்கறதுல எனக்கு சம்மதம் இல்ல, கொதிக்க வைக்க தனிப் பாத்திரமும் வேணும். பெரிய பொண்ணுங்க, அம்மாங்க அவங்களா கேட்டா சொல்லிக் குடுங்க.

ஏழு நாளுக்கு மேல போகுது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ நனையுது, தலை சுத்துதுன்னு எந்தப் பொண்ணாவது சொன்னா அத பேடு கணக்குல சேக்காதீங்க, டீச்சர் கிட்ட சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பணும். பேசறப்ப வீட்டுலயோ வெளியிலயோ யாராவது தப்பா நடக்கறாங்கன்னு வாய் தவறி சொல்ற புள்ளைங்களும் உண்டு, அப்ப குழந்தைங்க உதவி எண் 1098க்கு கூப்பிடுங்க, அங்கயே சத்தம் போட்டு விசாரிக்காதீங்க.

நாள் குறிக்கறது: பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசியில முதல் தடவ குடுங்க, வெயில் நல்லா இருக்கும், துவைச்சு காயப்போட்டு பழகிக்குவாங்க. ரெண்டு மாசவிலக்கு முடியற மாதிரி மார்ச்ல, பரீட்சை இல்லாத நாளா பாத்து, மறுபடி போங்க. மழைக்காலத்துல ரோட நம்பாதீங்க, 2024 டிசம்பர்ல பெஞ்சல் புயல் அப்ப ஏற்காடு ரோட்டுல மண்சரிஞ்சு வண்டியே போகல, அதனால மாத்து செட்ட செப்டம்பருக்குள்ள மேல கொண்டு போய் பள்ளிக்கூட பீரோவுல டீச்சர் பொறுப்புல வச்சிருங்க.

ரெண்டாவது தடவ போறப்ப எத்தன பேரு கட்டறீங்கன்னு கேக்காதீங்க, எல்லாரும் கட்டறேன்னு தான் சொல்லுவாங்க. எங்க காயப்போட்டீங்கன்னு கேளுங்க, எடத்த கரெக்டா சொல்ற புள்ளை கட்டுது. தலைய குனியற புள்ளை கிட்ட தனியா உக்காந்து பேசுங்க, கையில நாலு மெல்லிசு மேல் துணியும் ஒரு கயிறும் நாலு கிளிப்பும் எடுத்துட்டு போங்க.