பால்வெளியின் இருப்பிடத்தை ஒரு மைதானத்தில் அளந்து பார்ப்பது எப்படி?

அண்டவெளியில் நம் பேரடையான (விண்மீன்களின் பெருந்திரளான) பால்வெளி எங்கே இருக்கிறது என்பது, படத்தில் பார்ப்பதைவிடத் திறந்த மைதானத்தில் நடந்து அளக்கும்போது நன்றாக மனத்தில் பதியும். அட்டை, அளவுநாடா, சில குச்சிகள் போதும். ஒரு லட்சம் ஒளியாண்டுக்கு 10 செ.மீ. என்று அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

பால்வெளியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு. ஆகவே 10 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டி, மையத்திலிருந்து 2.6 செ.மீ. தள்ளிச் சூரியனுக்கு ஒரு புள்ளி வையுங்கள். பேனா முனை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அந்தப் புள்ளி பெரியதுதான்: 4.2 ஒளியாண்டு தொலைவிலுள்ள, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புராக்சிமா செண்டாரி, இந்த அளவில் ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது.

அடுத்த படியில் கவனம் தேவை. வட்டத்தைத் தரையில் கிடத்தத்தான் யாருக்கும் தோன்றும். கிடத்தினால், பால்வெளித் தளத்துக்கு 74 பாகை மேலே இருக்கும் கன்னிக் கொத்து என்ற பேரடைத் திரளை ஆகாயத்தில்தான் தொங்கவிட வேண்டியிருக்கும். எனவே குச்சியின் நுனியைப் பிளந்து, வட்டத்தைச் சக்கரம்போல நிமிர்த்திச் செருகுங்கள்.

வட்டத்தின் விளிம்புப் பக்கமாக, தளத்திலிருந்து 22 பாகை பின்னால் சாய்ந்த திசையில், 2.5 மீட்டர் தொலைவில் அண்டைப் பேரடையான ஆந்திரோமெடாவுக்கு ஒரு குச்சி நடுங்கள். அதன் வட்டம் நம்முடையதைவிடப் பெரிதாக, ஏறத்தாழ 15 செ.மீ. இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மையம் கொண்டு 10 மீட்டர் குறுக்களவில் கோடு கிழித்தால், அதுவே பால்வெளி அடங்கிய பேரடைக் கூட்டமான உள்ளூர்க் குழு. அதற்குள் இருக்கும் மற்ற பேரடைகளில் பெரும்பாலானவை மிகச் சிறியவை.

இப்போது வட்டத்தின் முன்முகம் பார்க்கும் திசையில் 54 மீட்டர் நடங்கள். அங்கே இருப்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரடைகள் நெருக்கமாகத் திரண்ட கன்னிக் கொத்து; 2019-இல் கருந்துளையின் நிழற்படம் முதன்முதலாக வெளியிடப்பட்டதே, அந்த எம்87 பேரடை இங்கேதான் உள்ளது. திரும்பிப் பார்த்தால், நாம் நட்ட இரண்டு குச்சிகளும் ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் ஒற்றை வீடுகள்போலத் தெரியும்.

கடைசி எல்லைக்குக் கோடு கிழிப்பது கடினம். 2014-இல் வானியலாளர் ப்ரென்ட் டல்லி குழுவினர், அண்டத்தின் விரிவால் வரும் வேகத்தைக் கழித்துவிட்டு, பேரடைகள் எஞ்சிய வேகத்தில் எத்திசையில் இழுபடுகின்றன என்று கணக்கிட்டு, ஒரே பள்ளத்தாக்கை நோக்கி ஓடும் நீரோடைகள்போல ஒரே பகுதியை நோக்கி வருபவற்றை லனியாக்கியா என்ற பெருங்கொத்தாக வரையறுத்தனர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேரடைகளைக் கொண்ட அதன் குறுக்களவு 52 கோடி ஒளியாண்டு, அதாவது நம் மைதானத்தில் 520 மீட்டர். ஓட்டம் குவியும் பகுதியிலுள்ள நார்மா கொத்துக்கு ஒரு குச்சி நட வேண்டுமானால், ஆந்திரோமெடாவுக்கு எதிர்ப்புறமாக 220 மீட்டர் செல்லுங்கள். அது வட்டத்தின் விளிம்பையொட்டிய திசை. பால்வெளியின் தூசி முழுவதும் குறுக்கே நிற்பதால்தான் அப்பகுதி நெடுங்காலம் வானியலாளர்களின் பார்வைக்கு எட்டாமல் இருந்தது.

நட்ட குச்சிகளை வானத்தோடும் ஒப்பிடலாம். நவம்பர் மாத இருண்ட இரவில் ஆந்திரோமெடா வெறுங்கண்ணுக்கே மங்கிய திட்டாகத் தெரியும். கன்னிக் கொத்துக்கு ஏப்ரல் வரை காத்திருந்து, ஆறு அங்குலத் தொலைநோக்கியைச் சிம்மத்தின் வாலிலுள்ள உத்திர நட்சத்திரத்துக்குக் கிழக்கே மெதுவாக நகர்த்துங்கள்.